நாலாம் தந்தி

செல்வநாயகத்தின் பேஸ் கிட்டாரில் தந்திகள் நாலு. அதில் ஆகத் தடித்த நாலாவதுதான் வில்லங்கம் பிடித்தது. அதன் சத்தம் காதுக்கு முன்னம் வயிற்றில் கேட்கும்.

எழுபத்து மூன்றில், யாழ்ப்பாணத்தில், அவரும் ட்ரம்ஸ் அடிக்கிற சிவராசாவும் இன்னும் இருவரும் தொடங்கிய குழுவுக்கு அந்தச் சத்தம்தான் முகவரி. பாட்டே இல்லாமல், ஏழடித் தாளத்தில், இருபது நிமிஷம் ஓடும் ஒரே உருப்படி. நாலாம் தந்தி தூரத்தில் உறுமத் தொடங்கி, கிட்டக் கிட்ட வந்து, பதினாறு எண்ணி முடிய ட்ரம்ஸ் விழும். கேட்டவர்களில் பாதிப்பேர் எழும்பிப் போனார்கள், மிச்சப்பேர் பைத்தியமானார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, பிறகு இருபது வருஷம் கலியாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசித்தார்கள். தொண்ணூற்றேழில், இடம்பெயர்ந்து வன்னியில் அக்கராயனில் கிடந்தபோது, குழுவில் மிஞ்சியது அவரும் சிவராசாவும்தான். மற்ற இருவரில் ஒருவர் கனடாவில், இன்னொருவர் மண்ணுக்குள்.

பள்ளிக்கூடத்தில் அகதிகளுக்கென்று ஒரு நிகழ்ச்சி வைக்கக் கேட்டார்கள்.

"இனியும் ஆருக்குப் பயந்து சினிமாப் பாட்டு வாசிக்கிறது? எங்கட பழைய சாமானை எடுப்பம் மச்சான்," என்றார் சிவராசா.

ஆருக்குப் பயந்து என்று வன்னியில் நின்றுகொண்டு கேட்கிற வாய் அது.

உழவு மெசின் பற்றறியை இரவல் வாங்கி, அகதிகள் இருந்த கொட்டிலடி மரத்தின் கீழ் பழகினார்கள். முதல் நாள் நாலாம் தந்தி உறுமியதுதான் தாமதம், கொட்டில் முழுதும் பங்கர்க் குழிக்குள் பாய்ந்தது. குண்டு போட வந்த பொம்மர் விமானம் என்று நினைத்துவிட்டார்கள். வெளியே வந்த சனம் இரண்டு பேரையும் ஏசிய ஏச்சைக் கேட்க நாய்கூட நிற்காது. செல்வநாயகத்தின் மகள் சாரங்காவுக்கு ஏழு வயது. அவள் மட்டும் வெளியே வர மாட்டேன் என்று அழுதாள்.

"பொம்மரில்லையடி பிள்ளை, அப்பாதான். இந்தா, அப்பான்ர கையைப் பார்," என்று வாசித்தே காட்டினார்.

இரண்டாம் நாள் சனம் ஓடவில்லை. மூன்றாம் நாள் பிள்ளைகள் பாயில் வந்து குந்தி, உறுமல் தொடங்கியதும் கைதட்டிப் பதினாறு எண்ணினார்கள். செல்வநாயகத்துக்கு இருபது வருஷப் பசி அடங்கியது போல இருந்தது.

நாலாம் நாள் பின்னேரம் உறுமல் தூரத்தில் தொடங்கியது. "ஒண்டு, ரெண்டு" என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். கொட்டிலுக்குள் ஒருவரும் அசையவில்லை.

செல்வநாயகம் தன் கைகளைப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. கிட்டார் மரத்தில் சாத்திக் கிடந்தது.

"பொம்மர்! ஓடுங்கோ!" என்று கத்தினார். பகிடி என்று பிள்ளைகள் சிரித்தார்கள். "ஆறு, ஏழு." சாரங்காதான் எல்லோரையும்விட உரத்து எண்ணினாள். ட்ரம்ஸ் விழுவதற்காகக் காத்திருந்தாள்.

கோப்பையை எறிந்துவிட்டு இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேரே விரித்தார்.

"கையைப் பார் பிள்ளை! அப்பா வாசிக்கேல்லை!"

அவள் பார்த்தாள். எண்ணிக்கை ஒன்பதில் நின்றது. "அப்பா இல்லை! அப்பா இல்லை!" என்று அவள் வீரிட்ட பிறகுதான் மற்றப் பிள்ளைகள் எழும்பினார்கள், கொட்டில் எழும்பியது.

குண்டு வயலில் விழுந்தது. பங்கருக்குள் மண் கொட்டியது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பொழுதுபடும்வரை சாரங்கா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்த பிடியை விடவில்லை.

அடுத்த நாள் செல்வநாயகம் நாலாம் தந்தியைக் கழற்றிச் சுருட்டினார்.

"அது இல்லாட்டி எங்கட சாமானுக்குத் தொடக்கமே இல்லையே மச்சான்," என்றார் சிவராசா.

"இல்லாமலே கிடக்கட்டும்."

நிகழ்ச்சியன்று மூன்று தந்தியில் வாசித்தார்கள். சனம் கைதட்டியது. சாரங்கா பாயில் இருக்கவில்லை. பங்கர் வாசலில் நின்று, கடைசிவரைக்கும் அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.