கடல் தாண்டியும் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தவர்கள்

டிரம்கில்லன் ஊரின் காலித் தொழிற்சாலைக்கு முதல் ஆள் வேலைக்கு வந்தது, அவன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்ப் பதினோரு மாதம் கழித்து. பெயர் டெக்லன் லாவர்டி, வயது இருபத்து மூன்று. மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை சரியாக எட்டு மணிக்கு, பூட்டிய கதவு பூட்டியபடியே இருக்க, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, இல்லாத மேஜைமேல் இல்லாத எதையோ விரல்நுனியால் பொருத்திக்கொண்டிருந்தான். முதலில் பார்த்தவர் தபால்காரர். வண்டியை நிறுத்திக் கண்ணாடியைத் தட்டி, "என்னடா டெக்லன், எப்ப வந்தே?" என்று கேட்டார். பதில் இல்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லாவர்டி வீட்டில் காலை நேரத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். பன்னிரண்டரை மணிக்கு அவன் எழுந்து சுவரோரம் நின்று எதையோ மென்றான். ஐந்து மணிக்கு மேல்கோட்டு மாட்டுகிறவன்போல் கையை நீட்டினான், பிறகு அங்கே இல்லை. அதே ஒன்பது மணி நேரமும் பெர்த் நகருக்கு வடக்கே ஓர் இரும்புச் சுரங்கத்தில் அவன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான் என்பதற்கு அங்கத்திய மேஸ்திரியின் கையெழுத்தே இருக்கிறது.

அந்தத் தொழிற்சாலையை அரசாங்கம் கட்டி வைத்தது, யாராவது வெளிநாட்டுக்காரர் வந்து எடுத்துக்கொள்வார் என்று. எங்கள் வட அயர்லாந்தில் இது வழக்கம்தான். முதலில் கூரை வரும், பிறகு கார் நிறுத்துமிடம், ரவுண்டானா, விளக்குக் கம்பம், கடைசியில் கம்பெனி. டிரம்கில்லனுக்குக் கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வந்து சேர்ந்தது. ஆற்றுப்பாலத்தைத் தாண்டினால் தெற்கு அயர்லாந்து. வேறு நாடு, வேறு நோட்டு, வேறு வரி. அங்கே கம்பெனி லாபத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரை எடுப்பார்கள், இங்கே இருபது. எங்கள் சட்டப் பேரவை பள்ளிக்கூடம் நடத்தலாம், ஆஸ்பத்திரி நடத்தலாம், நாய்க்கு லைசென்ஸ்கூடக் கொடுக்கலாம். இந்த ஒரு வரியில் மட்டும் கைவைக்கக் கூடாது, அது லண்டன் சங்கதி. ஆகவே அக்கரையில் ஏழு தொழிற்சாலைகள் புகைவிட்டன. இக்கரையில் இருந்தது ஒன்று, அதில் புறாக்கள் குடியிருந்தன.

ஆனால் காலியாகக் கிடந்ததற்குக் காரணம் வரி மட்டுமல்ல. அது டெக்லனின் அம்மா யூனாவுக்கு மட்டுமே தெரியும். கட்டடம் முடிந்த சமயத்தில் அவள் ஊர் வளர்ச்சிக் குழுவின் செயலாளர். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், ஒரே பிள்ளை. ஹாலந்திலிருந்து ஒரு கம்பெனியார் இடம் பார்க்க வந்தார்கள். ஊரே மூன்று நாள் அடுப்பை அணைக்காமல் கேக்கும் சோடா ரொட்டியும் சுட்டது. எல்லாம் பார்த்து, எல்லாம் தின்று முடித்தபின், அந்த நெட்டை முதலாளி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யூனாவிடம் கேட்டார்: "அப்ப நாங்க இங்கயே வந்துடட்டுமா?" எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்வதில்லை. டீ கொடுத்தால்கூட, வேண்டாம் என்பார்கள். வற்புறுத்தினால் மறுபடி வேண்டாம் என்பார்கள். மூன்றாம் முறை ஊற்றியே கொடுத்துவிட வேண்டும். முதல் தடவையே சரியென்றவளைப் பேராசைக்காரி என்று பத்து வருஷம் பேசுவார்கள். ஆகவே யூனா, வளர்ந்த விதத்துக்கு ஏற்றபடி, "ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க அவ்வளவு சிரமம்" என்றாள். சொல்லிவிட்டு இரண்டாம் தடவை கேட்பார் என்று காத்திருந்தாள். டச்சுக்காரர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, கைகுலுக்கிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். நாலு மாதத்தில் அக்கரையில் அவருடைய கொடி பறந்தது. ஊர் மொத்தமும் "வரிதான், வேறென்ன" என்றது. யூனாவும் "ஆமா, வரிதான்" என்றாள்.

அந்தத் தொழிற்சாலையில் வரப்போகிற வேலைக்கென்றே தொழிற்கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவன் டெக்லன். கட்டடம் எழும்பும்போதே ஜன்னலோரத்தைக் காட்டி, "இது என் எடம், எவனும் உக்காரக் கூடாது" என்று சேக்காளிகளிடம் சொல்லி வைத்திருந்தான். அவன் பெட்டி கட்டிய அன்று, யூனா அவன் சட்டைகளை மடித்து வைத்தாளே தவிர, டச்சுக்காரர் கேட்டதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான். பிள்ளை அந்தக் கதவைத் திறந்து, உடம்போடு உள்ளே வர வேண்டும்.

டெக்லனுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். டொராண்டோவில் பலகை அறுக்கிறவன், துபாயில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள், லண்டனில் சுரங்கப்பாதை தோண்டுகிற அண்ணன் தம்பி இருவர். ஊரைவிட்டுப் போனவர்கள் ஒரு வருஷம் நெருங்கும்போது இங்கே வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். மொத்தம் அறுபத்து மூன்று பேர். சனி, ஞாயிறு லீவு. பெற்றவர்கள் கடைக்குப் போகிற வழியில் ஜன்னலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். "எம்பொண்ணு இளைச்சுட்டா", "உங்க பையனுக்கு முடி கொட்டுது பாரு" என்று பேசிக்கொள்வார்கள். கண்ணாடியைத் துடைக்க முறை வைத்திருந்தார்கள். போன வருஷம் பார்த்ததைவிட இந்த வருஷம் பிள்ளைகளுக்கு வயது கூடியிருந்தது. அதைப் பார்ப்பது கஷ்டமாகத்தான் இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

யூனா தேர்தலில் நின்று, எழுநூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து, பேரவைக்குப் போனாள். அங்கே கேள்வி கேட்பதென்றால் சும்மா எழுந்து கேட்க முடியாது. பெயரைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஒன்பது வருஷத்தில் அவள் பெயர் பதினான்கு தடவை வந்தது. பதினான்கு தடவையும் ஒரே கேள்வி: கம்பெனி வரியைக் குறைக்கிற அதிகாரம் நமக்கு எப்போது வரும், வெளிநாட்டு முதலீடு டிரம்கில்லனுக்கு எப்போது வரும்? நிதியமைச்சர் மெர்வின் ஆர்மர் நல்ல மனிதர், தோட்டத்தில் லீக்ஸ் வெங்காயத்தாள் வளர்த்துப் பரிசு வாங்குகிறவர். பதிலுக்கு அவருக்கு இரண்டு நிமிடம். கூடுதலாக ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, வரியைக் குறைத்தால் லண்டன் அனுப்பும் மானியத்தையும் குறைப்பார்கள், ஆஸ்பத்திரிக் கட்டில்களில் எத்தனையை விற்கலாம் என்று உறுப்பினர் சொல்வாரா, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று முடிப்பார். "பேச்சு நடக்குது நடக்குதுன்னு சொல்றீங்களே, அதுக்கும் கால் வலிக்காதா?" என்று ஒருமுறை யூனா கேட்டாள். அவை சிரித்தது. அமைச்சரும் சிரித்தார். அந்த வாரம் இன்னும் இரண்டு பேர் தொழிற்சாலையில் கூடினார்கள்.

பதினைந்தாவது தடவை அவள் பெயர் வந்தபோது அமைச்சர் மலர்ந்த முகத்தோடு எழுந்தார். லண்டனிலிருந்து நிதித்துறையார் தாமாகவே தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த அதிகாரம் உங்களுக்கு இன்னும் வேண்டுமா என்று கேட்டதாகச் சொன்னார். அவை மேஜையைத் தட்டியது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் யூனா.

"மரியாதையாத்தான் சொன்னேன். உங்களுக்குச் சிரமம்னா இருக்கட்டும், அவசரமில்லேன்னேன்."

எல்லாக் கட்சி உறுப்பினர்களும் தலையாட்டினார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று எதிலும் ஒத்துப்போகாதவர்கள், அமைச்சர் நடந்துகொண்டது முறைதான் என்பதில் ஒத்துப்போனார்கள்.

"அது எப்ப?"

"மூணு வாரமாச்சு."

"மறுபடி கேட்டாங்களா?"

"இன்னும் இல்ல. கேப்பாங்க."

"கேக்க மாட்டாங்க, மெர்வின்," என்றாள் யூனா. அவையில் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. அவைத்தலைவர் மணியை எடுத்தார். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். டச்சுக்காரர் கோப்பையைக் கீழே வைத்ததையும், தான் சொன்ன வார்த்தையையும், இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்ததையும் சொன்னாள். "வரி வரின்னு இந்த அவையில ஒம்பது வருஷமா கத்தினவ நான். வரியும் உண்டு, இல்லேன்னு சொல்லல. ஆனா அன்னைக்கு அந்த மனுஷன் வரேன்னுதான் கேட்டாரு. நான்தான் வேணாம்னுட்டேன். அறுபத்து மூணு பிள்ளைங்க போனதுக்கு நான் காரணம், அதுல ஒண்ணு என் பிள்ளை. கேட்டா ஆமான்னு சொல்லணும், மெர்வின். முதல் தடவையே சொல்லணும். வெளியாளுங்களுக்கு ரெண்டாம் தடவைங்கறதே கிடையாது." அவைத்தலைவர் மணியைக் கையில் பிடித்தபடியே நின்றார். அமைச்சர் அனுமதிகூடக் கேட்காமல் வராந்தாவுக்கு ஓடினார். அவர் தொலைபேசியில் "வேணும், வேணும், எங்களுக்கு வேணும்" என்று வெட்கமில்லாமல் கத்தியது உள்ளே வரைக்கும் கேட்டது.

ஊரில் யாரும் யூனாவைத் திட்டவில்லை. கல்லெறியவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் "டீ சாப்பிடறியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்கள், அவள் வழக்கம்போல வேண்டாம் என்றதும் கெட்டிலை அணைத்துவிட்டார்கள். இப்படி ஏழு வாரம் நடந்தது. எட்டாவது வாரம் துபாய்க்காரியின் அம்மா ஜன்னலில் அவள் பக்கத்தில் வந்து நின்று, பிளாஸ்க்கைத் திறந்து கேட்காமலே ஊற்றிக் கொடுத்தாள். யூனா அழுதுவிட்டாள்.

அதிகாரம் அடுத்த ஏப்ரலில் வந்தது. வரி குறைந்தது, மானியமும் குறைந்தது, அமைச்சர் இரண்டையும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடித்தார். அடுத்த வருஷம் காது கேட்கும் கருவிக்கு உள்பாகம் செய்கிற கொரியக் கம்பெனி ஒன்று கட்டடத்தை எடுத்துக்கொண்டது. கையெழுத்தான வாரத்து ஞாயிற்றுக்கிழமையே யூனா டெக்லனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவனுக்கு இப்போது முப்பத்து நாலு வயது.

"வாடா. உன் எடம் உனக்காக இருக்கு."

"அம்மா, இப்ப எப்படிம்மா? ரெண்டு பொண்ணுங்க பள்ளிக்கூடம் போவுது. வீட்டுக்கடன் வேற. இவளுக்கு அந்தக் குளிர் ஒத்துக்காது." பிறகு, "நீ பேரவைல பேசினதைப் பாத்தேன். அன்னைக்கு நீ ஆமான்னு சொல்லியிருந்தாலும் நான் கிளம்பித்தான் இருப்பேன். மனசுல போட்டுக் குழப்பிக்காத" என்றான்.

சரிடா என்று வைத்துவிட்டாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜன்னலில் போய் நின்றாள். அறுபத்து மூன்று பேரில் முதலில் வந்தது அவன்தான். கோட்டைக் கழற்றி, சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்து, இடத்தில் உட்கார்ந்தான். பெற்றவளிடமே பொய் சொல்கிறான் பார், என்று நினைத்தாள். மனசு ஆறவும் செய்தது, முன்னைவிட அதிகமாக வலிக்கவும் செய்தது.

கொரிய மேலாளர் இயந்திரங்களை இறக்க வந்தபோது இவர்களைப் பார்த்து, யார் என்று விசாரித்தார். "எங்க ஊர்ப் பிள்ளைங்க சார், தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்றார் புதிதாகச் சேர்ந்த மேஸ்திரி. மேலாளர் வரைபடத்தை விரித்து, யோசித்து, அறுபத்து மூன்று மேஜைகளை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் போடச் சொன்னார். மீதி இடங்களுக்கு உள்ளூர்க்காரர்களையும் லிதுவேனியாவிலிருந்தும் கிழக்குத் திமோரிலிருந்தும் வந்தவர்களையும் எடுத்தார். திங்கட்கிழமை பற்றவைக்கும் கருவிகள் சூடேறின. அத்தனை வருஷம் வெறுங்காற்றைப் பொருத்திக்கொண்டிருந்த விரல்களுக்குக் கீழே தட்டுகள் வந்தன, ஐந்து மணிக்கு நிரம்பிப் போயின. டெக்லனின் தட்டில் பழுது ஒன்றுகூட இல்லை என்று தரப்பரிசோதகர் எழுதி வைத்தார்.

அந்த வார ஞாயிறு அவனே கூப்பிட்டான். பிள்ளைகளைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசினான். பிறகு, "என்னன்னு தெரியலம்மா, விரல் நுனியெல்லாம் சின்னச் சின்னதாச் சுட்ட காயமா இருக்கு. ஸ்டியரிங் பிடிக்கறவனுக்கு எங்கேருந்து சுடும்?" என்றான்.

"இந்த வாரம் ஆர்டர் ஜாஸ்திடா," என்றாள் யூனா. "புது வேலை பாரு, கை பழகணும். வெண்ணெய் தடவிக்கோ. வெள்ளிக்கிழமை கொஞ்சம் முன்னாடியே விட்டுடுவாங்களாம்."

அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"சரிம்மா," என்றான்.