கூரை மேல் நடப்பவர் குறித்த சாட்சியம்

எமில் வாசெக் 1976 ஜூலை பதினான்காம் தேதி, புதன்கிழமை, ஒழுகும் கூரையைச் சரிசெய்ய ஏணியில் ஏறினார், இறங்கவில்லை. கூரையில் சுத்தியல் இருந்தது, ஆணி டப்பா இருந்தது, எமில் இல்லை. அன்று முதல் மாலை ஐந்தே முக்காலுக்கு, அவர் வழக்கமாகப் பால் கறந்துவிட்டு வீடு திரும்பும் நேரத்துக்கு, கூரை மேல் நடக்கும் சத்தம் கேட்டது. நெப்ராஸ்காவின் அந்தப் பகுதியில் ஆலங்கட்டி மழையைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள் என்பதால் இது பெரிய செய்தியாகவில்லை. மனைவி அல்பீனா மட்டும் ஏணியை எடுக்காமல் வைத்திருந்தாள். அன்று மதியம் வாய்ச்சண்டையில் "அப்படின்னா மேலேயே கிடங்க" என்று சொன்னவள் அவள்தான்.

ஏழு ஆண்டுகள் கழித்து எமிலின் தம்பி லூமிர், அண்ணன் இறந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லி வழக்குப் போட்டான். இருவருக்கும் பொதுவில் இருந்த வடக்கு வயலை விற்க அண்ணன் கையெழுத்து வேண்டும், அல்லது அண்ணன் இறந்திருக்க வேண்டும். அல்பீனாவுக்கு வயல் பொருட்டில்லை. கோர்ட்டே செத்துவிட்டார் என்று எழுதிவிட்டால் அவர் எந்த முகத்தோடு இறங்கி வருவார் என்பதுதான் அவள் கவலை.

கூண்டில் ஏறியதும் "அவரு உயிரோடதான் இருக்காரு" என்றாள். லூமிரின் வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி பெண்டர் ஆட்சேபணையை ஏற்று, விதியைப் பொறுமையாக விளக்கினார். சாதாரண சாட்சி கண்டதையும் கேட்டதையும் சொல்லலாம். நெருங்கிப் பழகியவரின் குரல், கையெழுத்து, நடை ஆகியவற்றை இன்னாருடையது என்றும் சொல்லலாம். அதற்கு மேல் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. அது படித்தவர்களுக்கு உரியது.

படித்தவர் வந்திருந்தார். ஒலியியல் பேராசிரியர் ஹூபர், அந்தக் கூரையில் இரண்டு நாள் மைக் வைத்துப் படுத்திருந்தவர். வெயிலில் விரிந்த மரம் மாலையில் சுருங்குகிறது, சத்தம் அதுதான் என்பதை மூன்று மணி நேரம் விளக்கினார்.

"எமில் நடந்து நீங்க கேட்டிருக்கீங்களா?" என்றார் அல்பீனாவின் வக்கீல்.

"இல்ல."

"சுருங்குற மரம் புகைபோக்கிகிட்ட நின்னு இருமுமா?"

"இருமல் என் துறை இல்லைங்க."

பேராசிரியர் நீட்டியதில் மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. நீதிமன்றக் கூரை மேல் காலடிச் சத்தம் கேட்டது. வீட்டிலிருந்து பன்னிரண்டு மைல் எமில் எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கு இன்னொரு நிபுணரைக் கூப்பிட வேண்டியிருக்கும். நீதிபதி லூமிரைக் கூண்டில் ஏற்றினார்.

"அண்ணனோட ஒரே அறையில எத்தனை வருஷம் இருந்தே?"

"பதினெட்டு, யுவர் ஆனர்."

"மேல நடக்கிறது யாரு?"

அவனுடைய வக்கீல் தன் கட்சிக்காரனையே எதிர்த்து ஆட்சேபித்தார், செல்லவில்லை. லூமிர் முகட்டையே பார்த்தபடி நின்றான். கண் கலங்கிவிட்டது.

"அண்ணன்தான். ஏர்க்கொழு குத்தினதுலேர்ந்து இடது காலை இப்படித்தான் இழுப்பான்" என்றவன் அல்பீனாவின் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க அண்ணி" என்றான்.

"அழாத. மேல கேக்கப்போகுது" என்றாள் அல்பீனா.

எமில் வாசெக் உயிரோடு இருப்பதாகவும், முகவரி 'கூரை' என்றும் தீர்ப்பு எழுதப்பட்டது. அடுத்த தேர்தலிலிருந்து வாக்காளர் அட்டை அந்த முகவரிக்கே வருகிறது. தபால்காரர் ஏணியில் செருகிவிட்டுப் போகிறார். லூமிர் வயலை மறந்துவிட்டான். ஞாயிறுதோறும் வந்து முற்றத்தில் நின்று கால்பந்து முடிவுகளைக் கூரையைப் பார்த்துக் கத்துகிறான். ஊர் அணி தோற்ற வாரங்களில் மேலே நடை சற்று வேகமாகிறது.

அல்பீனா மாலைதோறும் ஏணியடியில் நிற்கிறாள். "கோவத்துல சொன்னதுங்க. இறங்கி வாங்க." காலடி ஏணியின் உச்சி வரை வந்து நிற்கும். அப்படியே பல வருடங்கள் போயின. ஒரு வசந்தத்தில் மேல்படி கிறீச்சிட்டது. மறு வசந்தத்தில் இரண்டாம் படி. போன மாதம் மூன்றாவது.

"வந்துருவானா அண்ணி?" என்றான் லூமிர்.

"அது அபிப்பிராயம். மூணாவது படி சத்தம் போட்டுச்சு. நான் கேட்டது அவ்வளவுதான்."

ஏணிக்குப் பதினான்கு படிகள். அல்பீனாவுக்கு வயது அறுபத்து மூன்று. அவள் அதற்கு மேல் கணக்குப் போடுவதில்லை. ஆனால் படிகளுக்கு எண்ணெய் மட்டும் போடவே விடமாட்டாள்.