மொட்டைக்கும் செவலைக்கும் நடுவே ஒரு பலகை

மலாயாவில் கோத்தா திங்கி ஆற்றோரத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறவன் ஐயாசாமி. யார் எதைச் சொன்னாலும் நம்பமாட்டான். மழை பெய்கிறது என்று சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்ப்பான். அவனும் பெண்சாதி வெள்ளையம்மாவும் இருந்த லயத்து வரிசை வீட்டில் பிள்ளைகுட்டி கிடையாது. இரண்டு பூனைகள்தான். பெருவெள்ளத்தில் மிதந்து வந்த ஒரே பெட்டியில் கிடைத்தவை. வால் கட்டையாக இருந்தது மொட்டை. மற்றது செவலை. ஒன்றின் வயிற்றில் மற்றது தலை வைத்துத்தான் இரண்டு வருசமாகத் தூங்கின.

ஒரு திங்கட்கிழமை செவலையின் காலில் முள் ஏறிச் சீழ் பிடித்திருந்தது. வெள்ளையம்மா அதை மடியில் கட்டிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே மருந்து கட்டுகிற டிரசர் மரியநாதன் முள்ளைப் பிடுங்கி, மருந்துத் தண்ணீரில் காலைக் கழுவி அனுப்பினார். வீட்டுக்கு வந்து இறக்கிவிட்டாள். மொட்டை ஓடி வந்து மோந்தது. மோந்த மூக்கை எடுப்பதற்குள் செவலையின் மேல் பாய்ந்துவிட்டது. வீடு முழுக்க மயிர் பறந்தது. விலக்கப் போன வெள்ளையம்மாவின் கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழிந்தது.

"பேய் அடிச்சிருக்கு," என்றாள் பக்கத்து வீட்டுக் காளியம்மா. "மொட்டையோட கண்ணப் பாத்தியாடி? அது பூனைக் கண்ணா?"

"பின்ன என்ன மாட்டுக் கண்ணா?" என்றான் ஐயாசாமி.

அவன் பேச்சு எடுபடவில்லை. புதன்கிழமை மொட்டையைக் கூடையில் போட்டு மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டு போனார்கள். பூசாரி செல்லப்பன் அதற்குச் சாம்பிராணி காட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, முதுகு நிறையத் திருநீறு பூசி, "இனி சாது" என்றார். வீட்டுக்கு வந்ததும் மொட்டை சாதுவாகத்தான் உட்கார்ந்தது. பாய்ந்தது செவலை!

"பேய் இதுலேருந்து அதுக்குத் தாவிடுச்சு," என்றாள் காளியம்மா.

வெள்ளையம்மாவின் கை வீங்கிப் போயிருந்தது. ஐயாசாமிக்குப் பொறுக்கவில்லை. காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனன் ஆ செங் எலித் தொல்லைக்கு ஒரு பூனை வேண்டும் என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போகும்படி அவனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான்.

"எதக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டாள் வெள்ளையம்மா.

"எது கெட்டதோ அத."

"எது கெட்டது?"

அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். திங்கட்கிழமைக் கணக்குப்படி மொட்டை கெட்டது. புதன்கிழமைக் கணக்குப்படி செவலை. அன்று ராத்திரி புகைவீட்டு அடுப்புக்கு விறகு தள்ளும்போதெல்லாம் இதுவே மண்டைக்குள் சுற்றியது. திடீரென்று ஒன்று உறைத்தது. இரண்டு நாளும் அடி வாங்கியது வெளியே போய்விட்டு வந்த பூனை. அடித்தது வீட்டிலேயே இருந்த பூனை. பேய்க்கு இப்படி ஒரு ஒழுங்கு எதற்கு?

விடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"டிரசரய்யா, எங்க பூனைக்கு என்னாத்த ஊத்துனீங்க?"

"மனுசனுக்கு ஊத்துறதுதான்யா."

"அதான் எனக்குப் பயம். அதுல கொஞ்சம் குடுங்க."

மரியநாதன் சிரித்துக்கொண்டே ஒரு துணியை நனைத்துக் கொடுத்தார். வீட்டில் ஐயாசாமி முதலில் வெறும் துணியை மொட்டையின் முன்னே போட்டான். அது அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்து மருந்துத் துணி. முதுகு வில்லாக வளைந்தது, கட்டை வால் பனங்கொட்டை மாதிரி சிலிர்த்தது, தொண்டைக்குள் உறுமல் கேட்டது. செவலைக்கு மருந்துத் துணி ஒன்றும் செய்யவில்லை. மொட்டையைக் கொண்டு போன கூடைக்குள் சாம்பிராணி வாடையோடு ஒரு துணி கிடந்தது. அதை எடுத்துக் காட்டினதும் செவலை துணியை அறைந்தது.

"இங்க வா புள்ள! வந்து பாரு!" என்று கத்தினான். "ரெண்டுக்கும் ஆளு மேல கோவம் இல்ல. வாட மேலதான் கோவம். இது அதத் தெரியாம அடிச்சிருக்கு, அது இதத் தெரியாம அடிச்சிருக்கு."

"கண்ணு இருக்குல்ல? பாத்தாத் தெரியாதா?"

"எனக்கென்னாடி தெரியும்? பூனைக்கிட்டதான் கேக்கணும்."

தன் கண்டுபிடிப்பையும் அவன் முழுசாக நம்பவில்லை. ஆனாலும் அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு பலகையை நிறுத்தினான். அடியில் இரண்டு விரல் சந்து விட்டான். செவலை உள்ளே, மொட்டை வெளியே. ஒன்று படுத்த சாக்கை மற்றதற்குப் போட்டான். தான் போட்டுக் கழற்றிய புகைநாற்றச் சட்டையால் இரண்டையும் மாறி மாறித் துடைத்தான். பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீன்சோறு வைத்தான். வியாழக்கிழமை இரண்டும் சோற்றைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை உறுமிக்கொண்டே தின்றன. சனிக்கிழமை உறுமல் இல்லை. சந்து வழியாக ஒரு சிவப்புக் கால் வெளியே வந்து தரையைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அடிக்க வந்ததா, தேட வந்ததா? ஐயாசாமி தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தும் புரியவில்லை.

ஞாயிறு காலை ஆ செங் மூங்கில் கூடையோடு வந்து நின்றான்.

"மானா சத்து?" என்று மலாயில் கேட்டான். எந்த ஒன்று என்று.

ஐயாசாமி பலகையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான். வெள்ளையம்மா கட்டுப் போட்ட கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, "பலகைய எடுத்துருங்க. பாத்துட்டுக் குடுங்க," என்றாள்.

எடுத்தான். செவலை அடுப்படி வாசற்படியிலேயே நின்றது. மொட்டை ஒரு அடி வைத்து நின்றது. செவலை கையை ஓங்கியது, ஆனால் நகம் வெளியே வரவில்லை. தலையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். மொட்டை அசையாமல் தலையைக் குனிந்தது. செவலை அதன் நெற்றியை நெடுநேரம் மோந்தது. பிறகு இரண்டு நக்கு நக்கிவிட்டு, ஏதோ வேலை நினைவுக்கு வந்த மாதிரி விலகிப் போய் உட்கார்ந்தது.

"போதுமா இது?" என்று முனகினான் ஐயாசாமி. "நாளைக்கு மறுபடி பாஞ்சா?"

"பாஞ்சா மறுபடி பலகைய வைங்க," என்றாள் வெள்ளையம்மா.

அவன் ஆ செங்கைப் பார்த்து, "சத்து பூன் தடா," என்றான். ஒன்றுகூடக் கிடையாது. ஆ செங் சீனத்தில் நீளமாக ஏதோ சொன்னான், நல்ல வார்த்தையாக இருக்காது. ஐயாசாமி இன்னும் பூனைகளையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். புருசன் மனசு மாறிவிடும் என்று பயந்து, வெள்ளையம்மா நல்ல கையால் கூடையைத் தூக்கி ஆ செங்கிடம் திணித்து, அவனை வாசலுக்கு வெளியே நடத்திக்கொண்டு போனாள்.