சுழி போட இடம்

புதுச்சத்திரத்தில் ஒரு கோழிப்பண்ணையில் நான்தான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். பண்ணைக்காரர் சின்னண்ணனுக்கு எந்தத் தாளானாலும் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டாக வேண்டும். அதன் பிறகுதான் கீழே இருப்பதைப் படிப்பார்.

கோழிகள் அடையும் இருபது செட்டுக்கும் தடுப்பூசித் தேதிகளை அட்டவணையாக்கி, ஓரங்களைச் சுருக்கி, எப்படியோ ஒரே பக்கத்தில் அடக்கி நீட்டினேன். பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"அம்மிணி, கோடு உச்சி வரைக்கும் முட்டிக்கிட்டு நிக்குதே. மேல ஒரு வரி எடம் உடுங்க."

"ஒரு நிமிசங்க ஐயா" என்றேன்.

ஒரு நிமிஷமா? அட்டவணைக்கு மேலே கர்சர் போகவே மாட்டேன் என்றது. மவுஸால் இழுத்தால் அகலம்தான் மாறியது. ஆத்திரத்தில் முதல் கட்டத்துக்குள், 'செட்டு' என்ற சொல்லுக்கு முன்னால், என்டரை ஓங்கித் தட்டினேன். அட்டவணை மொத்தமும் ஒரு வரி கீழே இறங்கியது! எப்படி என்று பார்க்க அதே இடத்தில் இன்னொரு முறை தட்டினேன். இப்போது அந்தக் கட்டம் மட்டும் உப்பிக்கொண்டது. அதே விசை, அதே இடம். ஒன்றும் புரியவில்லை. உப்பியதை மட்டும் சரிசெய்துவிட்டு, வேறு எதையும் தொடப் பயந்து, பிரின்ட் கொடுத்தேன்.

சின்னண்ணன் நிறைவாகச் சுழி போட்டார். அதற்குள் பிரின்டர் இன்னொரு தாளைத் துப்பியது. அதன் உச்சியில் இருபதாவது செட்டு மட்டும் தனியாக முட்டிக்கொண்டு நின்றது.

அவர் பேனாவை மூடவில்லை.

"இதுல எங்கீங்க அம்மிணி போடறது?"