பேக்கரி மூலையில் பச்சை விழவில்லை

பம்பரம் சைக்கிளின் மேல் குதித்துக்கொண்டிருந்தாள்.

பெடலில் ஏறி நின்று, சீட்டில் தொம்மென்று உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். மறுபடி தொம். சைக்கிள் முனகியது. எதிரே சிக்னல் கொஞ்சமும் அசையவில்லை. சிவப்பு. அசல், அக்மார்க் சிவப்பு.

"விழு! விழுந்து தொலையேன்!"

கேரியரில் நீலக் குளிர்பெட்டி கட்டியிருந்தது. உள்ளே கிளினிக்கில் அதிகாலையில் எடுத்த ரத்தக் குழாய்கள். ஆற்றைத் தாண்டி இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு, பெட்டியின் குளிர் குறைவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூடியில் பதித்த வெப்பமானியின் முள் பச்சைக் கட்டத்தின் ஓரத்துக்கு வந்திருந்தது.

சந்துக்குக் குறுக்கே போகும் மெயின் ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. ஒரே அழுத்து அழுத்தினால் தாண்டிவிடலாம். ஆனால் கம்பத்தின் உச்சியில் கேமரா. போன வாரம் பொறுமை இழந்து ஒரு தடவை தாண்டியதற்கே எச்சரிக்கை வந்திருந்தது. இன்னொரு தடவை என்றால் அடையாள அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். அட்டை இல்லை என்றால் வேலை இல்லை.

தாண்டினாலும் வேலை போகும். நின்றாலும் வேலை போகும். பம்பரம் இடப் பக்கம் பார்த்தாள். வலப் பக்கம் பார்க்கவில்லை. வலப் பக்கம் பேக்கரி. அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்பது அவளுடைய இரண்டு வருட வைராக்கியம்.

கடைசியில் பின்னால் ஒரு மீன் வண்டி வந்து உறுமியது. உறுமின மாத்திரத்தில் சிக்னல் மரியாதையாகப் பச்சைக்கு மாறியது.

"ஓஹோ, மீனுக்கு மட்டும் திறப்பியா?" என்று கத்திக்கொண்டே பறந்தாள்.

பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர் பெட்டியை உடனே வாங்கவில்லை. முதலில் முள்ளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நாளைக்கும் இதே கதைன்னா மோட்டார் பைக்காரனுக்குக் கொடுத்துடுவேன். உன் மேல கோபம் இல்லம்மா. ரத்தம் காத்திருக்காது, அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் பம்பரம் போனை எடுத்தாள். யாரிடம் கேட்கக் கூடாது என்று மூன்று வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ, அவளிடமே கேட்டாள்.

"அண்ணி... நீங்க சிக்னல் டிப்பார்ட்மெண்ட்தானே?"

"இல்லை, சினிமா டிப்பார்ட்மெண்ட். விஷயத்தைச் சொல்லுடி."

*

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக அண்ணி வந்துவிட்டாள். மஞ்சள் ஒளிரும் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் பாதி ஆப்பிள். நடைபாதை ஓரத்தில் இருந்த சாம்பல் நிற இரும்புப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டி விளக்குகள்.

"புகார் கொடுத்தியா?"

"ரெண்டு தடவை. 'சிக்னல் சரியாக இயங்குகிறது'ன்னு பதில் வந்துச்சு. ஆள் வந்து பாத்தாங்களாம்."

"எதுல வந்து பாத்தாங்க?"

"வேன்ல."

அண்ணி ஆப்பிளைக் கடிப்பதை நிறுத்தினாள். "வேன்ல வந்து நின்னா பச்சை விழாம என்ன செய்யும்? சைக்கிள் புகாரை வேன்ல போய் செக் பண்ணியிருக்கான் பாரு, எங்க ஆளு!" தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் கேரியரைக் கவனித்தாள். "இது என்னடி, செங்கல்? வீடு கட்டப் போறியா?"

"எடைக்கு. நான் ஒல்லியா இருக்கேன்ல, ரோட்டுக்குத் தெரியலையோன்னு..."

அண்ணி சிரித்த சிரிப்பில் மின்கம்பியில் இருந்த காக்கை எழுந்து போனது.

"ரோடு என்ன தராசா? யானையே வந்து நின்னாலும் இதுக்குத் தெரியாது. இங்க பாரு." தார் ரோட்டில் காலால் ஒரு செவ்வகம் வரைந்து காட்டினாள். "இதுக்கு அடியில கம்பியைச் சுத்திப் புதைச்சிருக்கோம். அதுல எப்பவும் கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும். மேல உலோகம் வந்தா அந்த ஓட்டம் லேசாத் தடுமாறும். தடுமாறினா, 'ஆள் வந்தாச்சு'ன்னு பெட்டிக்குச் சேதி போகும். காருக்கு அடிவயிறு முழுக்க இரும்பு. உனக்கு என்ன இருக்கு? ரெண்டு சக்கர வளையம்."

"அது போதாதா?"

"நிக்கிற இடத்துல நின்னா போதும். நீ எங்க நிக்கறே?"

பம்பரம் செவ்வகத்தின் நட்டநடுவில் போய் ராஜகம்பீரமாக நின்றாள்.

"அதான். நடுவுல கம்பியே இல்லை. ஓரத்துலதான் கம்பி. வளையம் அந்த ஓரத்துக்கு நேர் மேல நிக்கணும்."

பம்பரத்துக்கு விஷயம் பிடித்துப்போனது. சைக்கிளை நகர்த்தினாள். முன் சக்கரம் ஓரத்தில். விளக்கு எரியவில்லை. இரண்டு சக்கரமும் ஓரத்தில். எரியவில்லை. சாய்த்துப் பிடித்தாள். ம்ஹும். தரையில் படுக்கவே வைத்தாள். பெட்டிக்குள் விளக்கு ஒரு கணம் மினுக்கென்று எரிந்து அணைந்தது.

"ஐயோ, தூக்கத்துல கண்ணைத் தொறந்து பாக்குற மாதிரி பாக்குது அண்ணி!"

அண்ணி சிரிக்கவில்லை. பெட்டிக்குள் தலையை விட்டு, ஒரு திருகாணியின் மேல் ஒட்டியிருந்த சீலை டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"இது நான் வெச்ச சீல். நாலு வருஷம் முன்னாடி ரோட்டுக்கு மேல மேல தார் போட்டப்ப. கம்பி ரொம்ப ஆழத்துக்குப் போயிடுச்சு. உணர்வைக் கூட்டி வெச்சா மெயின் ரோட்டுல போற பஸ்ஸையெல்லாம் இங்க நிக்கிறதா நெனச்சுக்கும். அதனால குறைச்சே வெச்சேன். சீல் அப்படியே இருக்கு, யாரும் தொடலை."

"அப்படின்னா?"

"அப்படின்னா, இது நாலு வருஷமா ஒரு சைக்கிளைக்கூடப் பாத்ததில்லை."

"சும்மா சொல்லாதீங்க. ரெண்டு வருஷமா எனக்கு தினமும் திறந்துச்சு! நான் வந்து நிப்பேன், மூச்சு வாங்கறதுக்குள்ள பச்சை. மூணு வாரமாத்தான் மக்கர்."

"பின்னால கார் வந்திருக்கும்."

"இந்த நேரத்துல இந்தச் சந்துல ஏது காரு? நானும் அந்தச் சிக்னலும் மட்டும்தான்." பம்பரம் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்: "வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு வாரம் திறக்கலை, அண்ணி. அப்புறம் திறக்க ஆரம்பிச்சுது. என்னைப் பழகிடுச்சுன்னு நெனச்சேன்."

"பழகறதுக்கு அது என்ன நாய்க்குட்டியா?"

சொன்னாளே தவிர, அண்ணியின் நெற்றி சுருங்கியிருந்தது. இருபது வருடமாக சிக்னலோடு குடித்தனம் நடத்துகிறவள். கம்பி பொய் சொல்லாது. நாத்தனாரும் பொய் சொல்கிறவள் இல்லை. இரண்டும் உண்மை என்றால்?

"வேற கம்பி ஏதாவது?" என்றாள் பம்பரம்.

"இல்லை."

"கேமரா பாத்துத் திறக்குமா? சில ஊர்ல அப்படி இருக்குன்னு படிச்சேன்."

"இருக்கு. சூடு பாத்துத் திறக்கறது, ரேடார் வெச்சுத் திறக்கறது எல்லாமே இருக்கு. இங்க இல்லை. அந்தக் கேமரா உன்னைப் பிடிக்கத்தான், உனக்கு வழி விட இல்லை." அண்ணி முகவாயைத் தடவினாள். "வினோதமா இருக்குடி. வீட்லயும் இப்பல்லாம் தினமும் இந்த சிக்னலைப் பத்தித்தான்..."

"அண்ணி!"

"சரி, சரி. வாயை மூடிக்கிட்டேன்."

அது அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம். அண்ணியும் நாத்தனாரும் போனில் பேசலாம், சிரிக்கலாம், சண்டை போடலாம். அண்ணனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடாது. சைக்கிள் வேலைக்குப் போகிறேன் என்று பம்பரம் சொன்ன அன்று, சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும், "இவளா? ஒரு வாரம் தாங்கமாட்டா" என்று சொன்னவன் அவன். அன்றிலிருந்து அவனுக்கு அவள் வைத்த பெயர் 'உங்க வீட்டுக்காரர்'. அந்தப் பெயரைச் சொல்லவும் தடை.

"மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியில ஒரு கருவி இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று அண்ணி நடந்தாள். வலப் பக்க நடைபாதையில், கம்பித் தடுப்புக்கு உள்ளே இருந்த கம்பத்தில், பாதசாரிகளுக்கான பட்டனைப் பழக்க தோஷத்தில் அழுத்தினாள்.

சற்று நேரத்தில் மெயின் ரோட்டுக்குச் சிவப்பு விழுந்தது. நடக்கும் மனிதன் பச்சையில் ஒளிர்ந்தான். கூடவே, பம்பரத்தின் தலைக்கு மேலும் பச்சை விழுந்தது.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அண்ணி, அது நடக்கிறவங்களுக்குத்தானே?"

"மெயின் ரோடு நின்னாத்தானே நடக்கிறவங்க குறுக்கே போக முடியும்? மெயின் ரோடு நின்னா சந்துக்கு வழி விட வேண்டியதுதானே. ரெண்டும் ஒரே நேரத்துல." அண்ணியின் குரல் மெதுவாகியது. "சிக்னல் உன்னைப் பாக்கலைடி. யாரோ பாத்திருக்காங்க."

"ரெண்டு வருஷமா? தினமுமா? யாரும் கடந்து போய் நான் பாத்ததே இல்லையே."

"நீ அந்தப் பக்கம் திரும்பினாத்தானே?"

கிளினிக்கில் ரத்தப் பெட்டியை வாங்கும் நேரம் ஆகியிருந்தது. அண்ணி சீலை உடைத்து, திருகாணியைக் கொஞ்சமே கொஞ்சம் திருகி உணர்வைக் கூட்டினாள். மெயின் ரோட்டில் ஒரு பஸ் போகும்வரை காத்திருந்து பார்த்தாள், பெட்டி ஏமாறவில்லை. பிறகு சாக்பீஸால் தாரில் ஒரு கோடு கிழித்தாள்.

"போய் ரத்தப் பெட்டியை எடுத்துட்டு வா. ரெண்டு சக்கரமும் இந்தக் கோட்டு மேல. குதிக்கக் கூடாது. செங்கல்லை இங்கேயே வெச்சுட்டுப் போ."

*

பம்பரம் நீலப் பெட்டியோடு திரும்பி வந்தாள். கோட்டின் மேல் சக்கரங்களை நிறுத்தினாள். சந்தில் வேறு வண்டி இல்லை. பட்டன் பக்கம் யாரும் இல்லை. அண்ணி இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு இரும்புப் பெட்டியருகே நின்றாள், திருட்டுத்தனம் இல்லை என்று நிரூபிப்பவள் போல.

சிவப்பு.

சிவப்பு.

இரும்புப் பெட்டிக்குள் குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது. எரிந்து நிலைத்தது. மெயின் ரோடு மஞ்சளாகி, சிவப்பாகி...

"பறடி!" என்று அண்ணி கத்தினாள்.

பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர் முள்ளைப் பார்த்தார். அது பச்சைக் கட்டத்தின் நடுவில் சுகமாகச் சாய்ந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பறந்து வந்தியா?"

"இல்லை சார். சரியான இடத்துல நின்னேன்."

"நாளைக்கும் அங்கேயே நில்லும்மா" என்று கையெழுத்துப் போட்டார். வேலை தப்பியது.

திரும்பும்போது அவள் மனதில் வேலை இல்லை. யார்? காலையில் ஓடப்போகும் யாராவதா? ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் யாராவது நோயாளியா? ஏன் சொல்லவில்லை? ஏன் நிறுத்தினார்கள்? மூலைக்கு வந்தபோது அண்ணி இரும்புப் பெட்டியைப் பூட்டிவிட்டு, பட்டன் கம்பத்தின் முன்னால் குனிந்து நின்றிருந்தாள். கையில் மெல்லிய திருப்புளி.

"என்ன பண்றீங்க?"

"பட்டனைச் சுத்தி இடுக்குல வெள்ளையா ஏதோ அப்பியிருக்கு. முதல்ல பெயிண்ட்டுன்னு நெனச்சேன்." அண்ணி திருப்புளி முனையில் சுரண்டியதை உள்ளங்கையில் தட்டினாள். விரலால் நசுக்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள். மறுபடி முகர்ந்தாள்.

"என்ன அண்ணி?"

"ஒப்பந்தத்தை உடைக்கட்டுமா?"

அண்ணி உள்ளங்கையை நீட்டினாள். காய்ந்து கெட்டிப்பட்ட மாவு. அடுக்கடுக்காக, ஒன்றின் மேல் ஒன்றாக, பல நாள் மாவு.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பம்பரம் பேக்கரிப் பக்கம் திரும்பினாள். பேக்கரியின் ஷட்டர் இறங்கியிருந்தது. அண்ணன் கடைக்கு ஒரு நாளும் விடுமுறை விட்டு அவள் அறிந்ததில்லை. மூன்று வாரமாக இந்த மூலையில் ரொட்டி வாசனை வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அண்ணனுக்கு என்ன ஆச்சு?" வார்த்தை தானாக வந்துவிட்டது.

"மூணு வாரம் முன்னாடி மாவு மூட்டை சரிஞ்சு கால்ல விழுந்துடுச்சு. முழங்கால் வரைக்கும் கட்டு. பயப்படாதே, எலும்பு கூடிக்கிட்டு இருக்கு." அண்ணி மாவை விடாமல் கையை மூடிக்கொண்டாள். "கல்யாணம் ஆன புதுசுல இந்தப் பட்டன் விவரத்தை வீட்ல பெருமையாச் சொன்னவ நான்தான். ரெண்டு வருஷமா தினமும் காலையில அவரு, அடுப்புல ரொட்டியை வெச்சுட்டு ரெண்டு நிமிஷம் காத்து வாங்கப் போறேன்னு சொல்வாரு. கடையில வேலை செய்யறவங்ககூடச் சிரிப்பாங்க, அப்படி என்ன காத்துன்னு."

"அவரா? ஒரு வாரம் தாங்கமாட்டான்னு சொன்ன ஆளு..."

"அவரேதான். கட்டுப் போட்டதுலேருந்து நான் வேலை முடிச்சு வீட்டுக்கு வந்ததும் தண்ணிகூடக் கேக்க மாட்டாரு. முதல் கேள்வி இதுதான்: 'பேக்கரி மூலையில இன்னிக்குக் காலையில பச்சை விழுந்துச்சா?' மனுஷனுக்கு இத்தனை வருஷம் கழிச்சு என் வேலை மேல அக்கறை வந்துடுச்சுன்னு நெனச்சு, 'விழாம என்ன, எல்லாம் சரியா இயங்குது'ன்னு தினமும் நான் சொல்லிக்கிட்டு இருந்தேன்டி."