ஃபேன் இல்லாத பெட்டியும் நாற்பது தட்டுகளும்

1.

இந்தக் கதை, பிராங்கிளினைக் கிண்டல் செய்ய வேண்டும் என்ற என் அற்ப ஆசையில் பிறந்தது. கம்ப்யூட்டர் வாங்கப் போன கடையில் ஒருவன் அதைக் கையில் தூக்கி எடை பார்த்தால் வேறென்ன செய்ய?

முதல் வரி இப்படித் தொடங்கியது: எண்ணூர்க் கடல்மேல் கதிரவன் தன் பொற்கரங்களை

வேண்டாம். எங்கள் பக்கம் விடிந்ததும் முதலில் தெரிவது சாம்பல்.

2.

பிராங்கிளின் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் கம்பி ஏற்றி இறக்குபவன். அவன் மனைவி ஜானட் ஆறு வருடமாக மொட்டைமாடியில் வெள்ளைத் தட்டு வைக்கிறாள். தினமும் காலையில் அதில் விழுந்திருக்கும் சாம்பலை, அன்றைய காலண்டர் தாளோடு சேர்த்துப் படமெடுக்கிறாள். சாம்பல் கொட்டும் புகைபோக்கிமேல் போட்ட வழக்கில் அவள் தரப்புக்கு அதுதான் சாட்சி. [எந்தப் புகைபோக்கி என்று எழுத மாட்டேன். வக்கீல் என்னையும் திட்டுவார்.]

போன மாதம் கால்பந்து மேட்சை வீடியோ பிடிக்க அவள் போனில் இடமில்லை. நாற்பது நாள் படங்களைப் பிராங்கிளின் அழித்துவிட்டான்.

"வெறும் தட்டுதானேன்னு நென்ச்சேன் மாமு."

அன்றிலிருந்து ஜானட் அவனோடு பேசுவதில்லை. அவளைப் போலவே தட்டு வைக்கும் அக்கம்பக்கத்து எட்டு வீட்டுப் பெண்கள் எடுக்கும் படங்களும் தானாக வந்து சேர, எல்லோரும் பார்க்க, வீட்டிலேயே நாள் முழுக்க ஓடும் ஒரு சர்வர் வேண்டும் என்றாள். என்னிடம்தான் சொன்னாள்.

3.

கடையில் இரண்டு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகள். புதிது ஒன்று: வேகமானது, காகிதம்போல் லேசு, உள்ளே குட்டி ஃபேன். பழையது ஒன்று: டிபன் பாக்ஸ் அளவு, உடம்பெல்லாம் அலுமினியப் பட்டை. நான் புதியதைக் காட்டினேன். பிராங்கிளின் இரண்டையும் இரு கைகளில் தூக்கினான்.

"இதுல சரக்கே இல்லியே. கனமாக் கீறதை எடு."

"டேய், இது கம்பி இல்லடா."

ஜானட் என்னிடம் கேட்டாள்: "அண்ணா, புதுசுல காத்து எங்கேந்து உள்ள போவுது?"

ஃபேன் ஓட்டையைக் காட்டினேன்.

"அப்போ சாம்பலும் அங்கேந்துதான் போவும்."

பழையதில் ஃபேனே இல்லை. அந்த அலுமினியப் பட்டைதான் சூட்டை இறக்குகிறது, கனமும் அதனால்தான். கிண்டல் கதை இந்த இடத்தில் செத்தது. தவறான காரணத்துக்காகச் சரியானதைத் தேர்ந்தெடுத்தவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

4.

எல்லா போன்களையும் பெட்டியோடு இணைத்தேன், என்னுடையதையும். ஜானட்டின் பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் எதையும் அழிக்க முடியாது. (யாருக்காக இந்த ஏற்பாடு என்று சொல்லத் தேவையில்லை.)

ஞாயிறு ஜானட் சர்ச்சுக்குப் பூசைக்குப் போயிருந்தாள். பிராங்கிளின் என்னை மாடிக்குக் கூப்பிட்டான். கையில் அழிந்துபோன அந்த நாற்பது நாளின் காலண்டர் தாள்கள். கிழித்ததையெல்லாம் அவள் கம்பியில் குத்தி வைத்திருந்தாள்.

"தாளு கீது, தட்டு கீது, சாம்பலும் வுயுந்துகினே கீது. நாப்பதையும் இப்பவே எடுத்துரு."

"அது பொய்டா."

"நீ கதை எய்துறவன். உனுக்கு இன்னா புதுசா?"

என் போனில் ஒன்று எடுத்தேன். நன்றாகவே வந்தது.

அடுத்த நொடி அது பெட்டிக்குப் போய்விட்டது. அங்கிருந்து எட்டு போன்களுக்கும். கோயில் பெஞ்சில் இருந்த ஜானட்டின் போனுக்கும்.

5.

படியேறி வந்தாள். "இன்னாய்யா இது?"

ஒரு மாதத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. மடையன் சிரித்தான்.

முடிவு அ: அவள் அழிக்கிறாள். நாற்பது நாள் ஓட்டையோடு சாட்சி நிற்கிறது, எதிர்த்தரப்பு வக்கீல்

முடிவு ஆ: மீதி முப்பத்தொன்பதையும் எடுக்கச் சொல்கிறாள். ஒன்று மாட்டினாலும் ஆறு வருடமும்

இரண்டையும் பாதியில் விட்டேன். ஏனென்றால் அவள் என்னிடம் திரும்பிக் கேட்டாள்:

"அண்ணா, சாம்பல் நெஜம்தானே?"

"நெஜம்."

"தாளு?"

"நெஜம்."

"அப்போ பொய் எங்க கீது?"

பொய் எழுதியே இத்தனை நாள் பேர் வாங்கிய நான் உங்களைத்தான் கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். விசாரணை புதன்கிழமை. பாஸ்வேர்டு போட்டுவிட்டாள், அழிக்கும் பட்டனில் விரலை இன்னும் அழுத்தவில்லை. பெட்டி ஓடுகிறது, ஃபேன் இல்லாததால் சத்தமே இல்லாமல்.

6.

[புதன்கிழமைக்குப் பிறகுதான் எழுத முடியும்.]