மேட்டில் மட்டும் கொதிக்கும் ஜீப்

ஜீப்பைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியவள் கீழே இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தம்பியிடம் சொன்னாள்:

"இது எதனால கொதிக்குதுன்னு என் கண்ணு முன்னால கண்டுபிடி. அப்புறம் வித்துடறேன்."

"மொதல்ல இறங்கி வா அக்கா. டீ சொல்றேன்."

"நான் டீ குடிக்க வரல."

கணவர் போன பிறகு அவள் தம்பியிடம் வாய் திறந்து பேசியது அன்றுதான். மார்வலி வந்த மதியம், அவரைப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டு இதே ஜீப்பை அவள்தான் ஓட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற மேட்டில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, பானட்டிலிருந்து ஆவி சீறியது, வண்டி நின்றுவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் தன் காரில் ஏற்றிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த அரை வாக்கியம் அன்றிலிருந்து அவளைத் தூங்கவிடவில்லை.

அந்த வருஷம் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியவன் தம்பி. அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே ரத்த உறவு. அவன் கைதான் காரணம் என்றால் இனி அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். அது அவனுக்கும் தெரிந்தே இருந்தது.

அவன் பானட்டைத் தூக்கினான். ரேடியேட்டர் மூடியைச் சோதித்தான், அழுத்தம் தாங்கியது. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். தண்ணீரில் எண்ணெய் மினுக்கம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான், இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஒரு பழைய பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தான்.

"என்ன, சமையலா?" என்றாள் கசப்பாக.

"சூடானா இது வாய் திறக்கணும். திறக்கலன்னா தண்ணி சுத்தாது." தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் அது ஒழுங்காகத் திறந்தது. "பாத்தியா, இவன் யோக்கியன்."

அவள் சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி இஞ்சினை ஓடவிட்டான். வெகுநேரம் ஓடியும் முள் நடுவிலேயே நின்றது.

"நின்னா கொதிக்கல. சமமான ரோட்டுல?"

"அங்கயும் இல்ல. மேட்டுல மட்டும்."

"மேடு வந்தா நீ என்ன பண்ணுவ?"

"மிதிப்பேன்."

"அப்ப மிதி."

மிதித்தாள். தகரக்கூரை அதிர்ந்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு இஞ்சினுக்குள் குனிந்திருந்த தம்பி அப்படியே உறைந்து நின்றான். பிறகு அவளை இறக்கிவிட்டுத் தான் ஏறி உட்கார்ந்து மிதித்தான். "அடியில பாரு அக்கா!"

ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகிற தடித்த ரப்பர் ஹோஸ், இஞ்சின் வேகமெடுத்ததும் ஒட்டிப்போன வயிறு மாதிரி உள்ளே அமுங்கித் தட்டையாயிற்று. அவன் காலை எடுத்ததும், ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி உருண்டையாயிற்று.

"பம்ப் இந்த ஹோஸ் வழியாத்தான் தண்ணிய இழுக்கும். வேகமா இழுக்கறப்ப ரப்பர் ஒட்டிக்கிட்டா பாதை அடைஞ்சுடும். ஒட்டாம இருக்க உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கணும். இதுல இல்ல."

"யாரு எடுத்தது?"

தம்பி துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். "நான்தான். மாட்டறப்ப மறந்துட்டேன்."

இத்தனை மாதமாகக் காத்திருந்த கோபம் கிளம்பி வந்தது. வார்த்தையாக வெளியே வருவதற்குள் அவள் கண் ஹோஸின் முனையில் நின்றது. இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் அங்கே ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றாக இரண்டு இருந்தது. மறுமுனையிலும் இரண்டு. வாசலுக்குப் பூட்டும் போட்டுச் சங்கிலியும் போடுகிறவர், ஷூ லேஸைக்கூட இரண்டு முடிச்சாகப் போடுகிறவர் அவள் வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.

"நீ எத்தனை கிளாம்ப் போடுவ?"

அவன் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். பொய் சொல்லாத."

பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தான். "ஒண்ணுதான். இது நான் மாட்டின ஹோஸே இல்ல. மச்சான் மாத்தியிருக்கார். பழசுக்குள்ள ஸ்பிரிங் துருப்பிடிச்சுக் கிடந்திருக்கும். தண்ணி போற வழியில குறுக்க என்ன கம்பின்னு புதுசுல மாட்டாம விட்டிருப்பார். நல்லது செய்யறதா நெனச்சுத்தான்." கையிலிருந்த துணியை மடித்தபடி சொன்னான்: "பழி என் பேர்லயே இருக்கட்டும்க்கா. உனக்கு யாரையாவது திட்டணும்னா என்னைத் திட்டு. அவரை வேண்டாம்."

அவள் பானட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சூடாகத்தான் இருந்தது, கையை எடுக்கவில்லை.

"ஆனா ஏன் என்கிட்ட வரல? ஒரு போன் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே" என்றான் தம்பி.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவன்தான் சொன்னான்: "மச்சான் நட்டு முடுக்கினா வண்டிக்குப் பின்னால ஒருத்தர் கூடையோட பொறுக்கிக்கிட்டே வரணும்." மேஜையே குலுங்கிற்று. அவளுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் அவர்தான். அடுத்த வாரமே ஸ்பேனர் பெட்டி வாங்கினார். அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் ஜீப்பின் அடியில்தான் கிடந்தார்; எதற்கும் தம்பியைக் கூப்பிடவில்லை.

சொல்லிவிடலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது.

"உனக்கு வேலை ஜாஸ்தி, தொந்தரவு பண்ண வேண்டாம்னு நெனச்சிருப்பார்" என்றாள்.

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். நம்பினானோ என்னவோ. எழுந்துபோய் ஸ்பிரிங் உள்ள ஹோஸ் ஒன்றை எடுத்து வந்து மாட்டினான். அவ்வளவுதான் வேலை. இவ்வளவுதானா என்று அவள் பழைய ஹோஸைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏறி மிதி அக்கா."

மிதித்தாள். இஞ்சின் அலறியது. முள் நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது.

"ஹோஸ் உருண்டையா இருக்கு! போதும், விடு!" என்று கத்தினான் தம்பி.

அவள் விடவில்லை. மேட்டின் முதல் திருப்பம், ஆவி வந்த இடம், அதைத் தாண்டி உச்சி, பிறகு இறக்கம், பாலம் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. அதன் பிறகும் காலை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.